அழகுமலையின் நாற்பது தப்படி

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்கே அண்ணன் சொல்லிவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை, எங்கள் தாத்தா பிறந்த ஊரில் கண்மாய்க் கரையில் நிற்கும் கருப்பசாமிக்குத்தான். மலேசியாவிலிருந்து மதுரைக்கு அதை யார் கொண்டுபோவது என்ற பேச்சே எழவில்லை. அண்ணனுக்குக் கடை, அண்ணிக்கு நகைக்கடை அலைச்சல், பெண்ணுக்கு வெட்கம். மிச்சம் இருப்பது நான். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள், எடுக்காமல் சேர்ந்து கிடக்கும் விடுமுறை. எங்கள் வீட்டில் எந்த வேலைக்கும் ஆள் இல்லையென்றால் “சரோஜா இருக்கிறாளே” என்பார்கள்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழை நிரம்பி ஏரிகளான ஊர் எங்களுடையது. அந்த ஏரிப் பூங்காவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். படகுச் சீட்டுக் கிழிப்பதில் தொடங்கி, வாரம் ஒரு தடவை தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பும் இடத்துக்கு வந்திருக்கிறேன். ஏரித் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்போடுதான் மதுரையில் இறங்கினேன்.

முதல் நாள் சேலைக்குப் போனது. மாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றின் கடை. அண்ணன் தம்பி இருவர், தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டு என்னிடம் தமிழுக்கு மாறினார்கள்.

“கல்யாணம் ஒங்க மகளுக்கா?”

“அண்ணன் மகளுக்கு.”

“ஒங்க பிள்ளைகளுக்கெல்லாம் முடிஞ்சிருச்சா?”

“எனக்குக் கல்யாணமே ஆகலைங்க.”

உடனே இருவரும் வீட்டு மொழியில் வெகுநேரம் பேசினார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. துக்கம் கொண்டாடுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. பட்டுச் சேலைகளைக் கட்டிக் கொடுக்கும்போது தம்பி ஒரு நீலச் சுங்குடிச் சேலையை எடுத்து, “இது நீங்க கட்டிக்கிறதுக்கு நல்லாருக்கும்” என்று தனியாக வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பருத்திப்பால் விற்றவர், விடுதியில் சாவி கொடுத்த பெண், இட்லிக்கு நான்காவது சட்னி ஊற்றியவர். பருத்திப்பால் நன்றாக இருந்தது. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தச் சூடு தொண்டையில் இறங்கும்போது, எங்கள் ஊர்த் தேநீரை ஒருநாள் மறக்கலாம் என்று தோன்றியது. ஆனால் “ஏன் பண்ணிக்கிறலை?” என்ற கேள்வியோடு எதைக் குடித்தாலும் இறங்குவதில்லை. எங்கள் ஊரிலும் கேட்பார்கள்தான். அங்கே ஒரு வருடம் பழகிய பிறகு கேட்பார்கள்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அழகர்கோவில் சாலையில் பேருந்து ஏறினேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை, மன்னிக்கவும். பேருந்து பாதி வழியில் பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துனர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் எறங்கிக்கங்க, இது இன்னைக்கிப் போகாது” என்றார். வெயிலில் நின்றவளைப் பார்த்து ஒரு வேன் நின்றது. பின்னால் கம்பிக்கூண்டுகள், அத்தனையும் காலி, அத்தனையிலும் இறகு.

“ஏறுங்கக்கா. நம்ம கோழிப்பண்ணை அந்த ஊர்லதான். முன்னாடி எடம் இருக்கு” என்றார் ஓட்டுநர். ஏறினேன். அவரும் கேட்டார். அவருக்கும் சொன்னேன்.

கண்மாய்க் கரையில் இறங்கியபோது என் மேல் கோழி நாற்றம் அடித்தது. சாமியிடம் இந்த லட்சணத்தில் போவதா என்று கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. இறங்கிக் கைகால் கழுவலாம் என்று படிக்கட்டில் குனிந்தபோதுதான் தெரிந்தது, நாற்றம் என் மேல் மட்டும் இல்லை. தண்ணீரிலேயே இருந்தது. பச்சைப் பசேலென்று, கரையோரம் ஆடை கட்டி நின்றது.

அந்தப் பச்சையில் நான்கு மிதிபடகுகள் கட்டிக் கிடந்தன. தகர டிரம்களை இணைத்து, சைக்கிள் மிதிகளைப் பொருத்தி, முன்னால் தகரத்தில் வெட்டிய கழுத்து. அன்னம் என்று சொன்னார் படகுக்காரர் காதர். எனக்கு வாத்தாகத்தான் தெரிந்தது. அவர் மதுரை நகருக்குள்ளிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், படகுகளைத் தன் கையாலேயே செய்தவர்.

“மூணு வருசத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழமைன்னா மதுரையிலருந்து குடும்பம் குடும்பமா வந்து நிப்பாக, அக்கா. இப்பத் தண்ணிய மோந்து பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போறாக. எம்புட்டு மீன் செத்து ஒதுங்குச்சு தெரியுமா? அயிரை மீனு இந்தக் கம்மாயில கண்ண மூடிக்கிட்டு அள்ளலாம். இப்ப ஒண்ணு இல்ல.”

நான் என் வேலையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். “இது கோழி எரு. மேல எங்கேயோ கலக்குது. அது கூடப் பார்க்கத் தெரியலையா இந்த ஊர்ல?” என்று வந்து பத்து நிமிடம் ஆகாத ஊரைத் திட்டவும் செய்தேன்.

வேனிலேயே தாத்தா பேரைச் சொல்லியிருந்தேன், அதற்குள் சேதி பரவிவிட்டது. அழகுமலை பேத்தி வந்திருக்கிறாள். ஊரில் கண்மாய்க்குத் தண்ணீர் திறந்து கட்டும் நீர்பாய்ச்சி மலைச்சாமி சைக்கிளில் வந்து இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வயதுக்காரர். பிறகு கரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “மலேயா போன வீடு வந்துருச்சுடோய்!”

என்னை அத்தை என்று கூப்பிட்டார். எந்த வகையில் அத்தை என்று கேட்டதற்கு அவர் சொன்ன வழியில் நான் பாதியிலேயே தொலைந்துபோனேன். கருப்பசாமியின் அரிவாள் முன்னால் பத்திரிகையை வைத்து, காற்றில் பறக்காதபடி அதன்மேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் ஊராட்சித் தலைவி பாண்டியம்மா விடவில்லை. “எங்க வீட்லதான் தங்கணும், மதினி” என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மதியம் மீன் குழம்பு. கண்மாய் மீன் இல்லை, மதுரையில் வாங்கி வந்த கடல் மீன். அதைச் சொல்லும்போது பாண்டியம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே விஷயம் முழுவதையும் சொன்னார். கோழிப்பண்ணை முதலாளி டவுனில் இருக்கிறார். கண்மாயை மீனுக்குக் குத்தகை கேட்கிறார். கோழிக்கழிவைத் தின்று கொழுக்கும் ஒரு கெளுத்தி மீன் இருக்கிறதாம். அதை விட்டால் தண்ணீர் நாறினால்தான் லாபம். பிறகு படகு கிடையாது, குளிக்க முடியாது, மாடு குடிக்காது. படகு ஓடினால் அந்தக் காரணத்தைக் காட்டிக் குத்தகையை மறுக்கலாம்.

“மூணு மாசமாப் படகு ஓடலையே மதினி. இந்த மழைக்கும் தண்ணி பச்சையாத்தான் வந்து நெறையும்னா, மெம்பர்க எல்லாம் குத்தகைக்கிக் கையெழுத்துப் போட்டுருவாக. நான் ஒருத்தி என்ன செய்ய?”

காதர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “நாளைக்கு வாய்க்காலோடு மேலே நடந்து பார்ப்போம். எங்கே கலக்குதுன்னு நான் காட்டுறேன்” என்று பெரிய அதிகாரி மாதிரி அறிவித்தேன்.

சனிக்கிழமை காலை மலைச்சாமி, பாண்டியம்மா, காதர், நான் என்று நான்கு பேர் நடந்தோம். அழகர் மலையில் பெய்யும் மழை ஓடையில் இறங்கி, ஓர் அணையில் திரும்பி, இந்த வரத்துக் கால்வாய் வழியாகத்தான் கண்மாய்க்கு வருகிறது. எங்கள் ஊரில் மழைக்கு வழி காட்டத் தேவையில்லை. தினமும் மத்தியானம் வந்து தலையில் கொட்டிவிட்டுப் போகும். இங்கே வருடத்தில் சில நாள் வரும் மழையைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள். கால்வாய் சுத்தமாகவே இருந்தது. போன மழைக்குப் பின் முளைத்த கோரையைத் தவிர ஒரு முள் இல்லை. பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது.

ஓரிடத்தில் கால்வாய் சட்டென்று வலப்பக்கம் ஒடிந்தது. ஒடிந்து, கோழிப்பண்ணைக் கொட்டகையின் பின்சுவரை உரசிக்கொண்டு, எருக்குவியலின் காலடியிலேயே ஓடி, வளைந்து மறுபடியும் நேர்ப்பாதைக்கு வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

“எந்தப் புத்திசாலி வாய்க்காலை இங்கே திருப்பினான்?” என்று கேட்டேன்.

மலைச்சாமி துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். காதர் தரையைப் பார்த்தார்.

“வெயில் ஏறுது அத்தை. வாங்க, போவோம்.”

“சொல்லுங்க. யார் பண்ணின வேலை இது?”

“சொல்லிருங்கண்ணே” என்றார் பாண்டியம்மா. “அவுகதான் கேக்குறாகள்ல.”

மலைச்சாமி கால்வாய் ஒடிந்த இடத்தைக் காட்டினார். நேர் எதிரே சீமைக்கருவேலம் அடைத்து நின்றது, உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி நுழைய முடியாத அடர்த்தி. “வாய்க்கா நேரா இதுக்குள்ளதான் போகணும். நாப்பது தப்படி தூந்து கெடக்கு. அதச் சுத்திக்கிட்டுப் போகத்தான் எங்கய்யா காலத்துல இப்பிடி வெட்டுனாக. அப்ப இங்கிட்டு வெறும் பொட்டக்காடு. கோழி வந்தது இப்பத்தான்.”

“நாற்பது தப்படியை வெட்டுறதுக்கு ஊர்ல ஆள் இல்லையா?”

“ஆளு இருக்கு அத்தை. ஆனா மொறை எங்களுது இல்ல.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அது ஒங்க வீட்டு மொறை.”

புரிய வைத்தார்கள். கால்வாய் முழுவதும் வீட்டுக்கு இத்தனை தப்படி என்று பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அவரவர் முறையை அவரவர் வெட்ட வேண்டும். முதல் வெட்டு அந்த வீட்டு ஆள் கையால். அதன்பிறகு யாரும் உதவிக்கு இறங்கலாம். முதல் வெட்டை மட்டும் வேறு வீட்டு ஆள் வெட்டக்கூடாது. அப்படி வெட்டினால் அந்த வீடு அற்றுப்போனது என்று பொருள். என் தாத்தா அழகுமலை மலேயாவுக்குக் கப்பலேறி அறுபது வருடத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து அந்த நாற்பது தப்படியை யாரும் தொடவில்லை.

“மலேயாவுல நீங்க உசுரோட இருக்கைல, இங்க நாங்க எப்பிடி அத்தை வெட்டுறது?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கண்மாய் நாறிப்போகும், ஒரு மனிதன் பிழைப்புப் போகும், ஆனால் முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் மரியாதை போகக்கூடாதாம். பொக்லைன் இயந்திரம் வைத்தாவது வெட்டியிருக்கலாமே என்றேன். “எந்திரத்தையும் யாராச்சும் ஒரு ஆளுதான் ஓட்டணும்” என்றார் மலைச்சாமி. கடிதமாவது போட்டிருக்கலாமே என்றேன். வீட்டுக்குத் திரும்பியதும் பாண்டியம்மா ஊராட்சி அலமாரியிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வந்து கையில் கொடுத்தார். தாத்தா வேலை செய்த ரப்பர் தோட்டத்தின் முகவரி. இரண்டும் திரும்பி வந்தவை. அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, எண்ணெய்ச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. நாங்கள்தான் யாருக்கும் எழுதவில்லை. அந்த உறைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. முந்தின நாள் ஊரையே முட்டாளாக்கிப் பேசியவள் நான்.

சாலையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். விசா எடுத்து, கடையை ஒப்படைத்து அவர் வர இரண்டு வாரமாவது ஆகும். மழையோ எந்த நாளும் வரலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முறைப்பேர் வாசித்துக் கால்வாய் வெட்டும் நாள். எனக்குப் புதன்கிழமை விமானம்.

மாலை கரையில் ஊர் கூடியது. நானே வெட்டுகிறேன் என்றேன். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “வெட்டலாம்த்தா. ஆனா பொம்பளப் பிள்ளைக கட்டிக் குடுத்த வீட்டு ஆளாயிருமே. பொறந்த வீட்டு மொறைய எப்பிடி…?”

“என்னை யாரும் கட்டிக் கொடுக்கலைங்க. எனக்குக் கல்யாணமே ஆகல.”

இந்த வாக்கியத்தை மூன்று நாளாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எல்லா இடத்திலும் அதன்பின் ஓர் உச்சுக்கொட்டல் வரும். அதற்குத் தயாராக நின்றேன். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

“அப்பச் சரி” என்றார் வெற்றிலைக்காரர், முகமெல்லாம் மலர்ந்து. “அப்ப வீட்டு ஆளுதான!”

பாண்டியம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல வேளை பண்ணிக்கிறாமப் போனீக, மதினி!” ஐம்பத்திரண்டு வருடத்தில் அதைக் கேட்டு சந்தோஷப்பட்ட முதல் மனிதர்கள் இவர்கள்தான்.

ஞாயிறு விடியலில் சுங்குடியை வரிந்து கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு ஒருவர், கையில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள். மலைச்சாமி ஒரு நோட்டிலிருந்து பேர்களை வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் “வந்தாச்சு” என்று ஒரு குரல். செத்துப்போன தகப்பன் பேருக்கு மகன் குரல் கொடுத்தான். பிறகு மலைச்சாமி வாசித்தார்: “அழகுமலை.”

கூட்டத்தில் பாதிப் பேர், யோசிக்காமல், ஒரே குரலில் சொன்னார்கள்: “மலேயா போயிருக்காரு.”

அறுபது வருடப் பழக்கம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் தாத்தா செத்து நாற்பது வருடம். படம் கூட இல்லை. இங்கே அவர் வெளியூர் போயிருந்தார், திரும்பி வருகிற ஆளாக.

“வந்தாச்சு” என்றேன். குரல் வரவில்லை. மறுபடி சொன்னேன்.

முதல் வெட்டில் என் அரிவாள் கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டது. இழுக்க இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. வெட்டு வெட்டுதான் என்று மலைச்சாமி தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், ஊரே இறங்கியது. தங்கள் முறையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு எல்லாரும் எங்கள் முறைக்கு வந்தார்கள். காதர் ஓரத்தில் நின்று கேட்டார், “மொறை இல்லாத ஆளு முள்ளு அள்ளலாமாண்ணே?” “முள்ளுக்கு என்னப்பா மொறை, அள்ளு” என்றார்கள். கோழி வேன் ஓட்டுநர் முதலாளிக்குத் தெரியாமல் வேனைக் கொண்டுவந்து வேர்க்கட்டைகளை ஏற்றினார். மதியம் எல்லாருக்கும் கம்பங்கூழும் சுட்ட கருவாடும். என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். வேருக்கு அடியில் ஒரு கல் அகப்பட்டது, மேலே மூன்று கோடு. எங்கள் வீட்டு எல்லைக்கல் என்றார்கள். அதைக் கழுவி நட்டோம்.

திங்கள் மாலைக்குள் நாற்பது தப்படியும் திறந்தது. தோண்டிய மண்ணையெல்லாம் கோழிப்பண்ணைப் பக்கம் திரும்பும் வாயில் போட்டு மிதித்து அடைத்தார்கள். அன்று இருட்டுவதற்குள் அழகர் மலை மேல் கறுத்தது.

செவ்வாய் காலை, நான் பையோடு பேருந்துக்கு நிற்கும்போது காதர் சைக்கிளில் பறந்து வந்தார். “அக்கா, வருது!” பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கால்வாயில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செம்மண் தண்ணீர் நடந்து வந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு நிமிடம் தயங்கியது போல் தேங்கி, பிறகு நேராக எங்கள் முறைக்குள் இறங்கியது. மூன்று கோட்டுக் கல்லைத் தாண்டிப் போனது. நான் குனிந்து ஒரு கை அள்ளி மோந்தேன். மண் வாசம் மட்டும்தான். காதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேருந்து போய்விட்டது. அடுத்ததில் போனேன்.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கண்மாய் மூன்று மழைக்கு நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கலுங்கில் வழிந்து, பச்சைத் தண்ணீரெல்லாம் வெளியேறியதாகக் காதர் எழுதினார். படகுகள் ஐந்தாகிவிட்டன. குத்தகைப் பேச்சு நின்றுவிட்டது. கடைசி வரியில், அயிரை வந்துவிட்டது என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.

இந்த வருடமும் போவதாகத்தான் இருந்தேன். முழங்காலில் அறுவை சிகிச்சை வந்து சேர்ந்தது. வீட்டு ஆளாக அண்ணன் போகலாம்தான், அவர் கடையை விட்டு நகர்ந்தால்தானே. போன திங்கட்கிழமை காதர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, நேத்துப் பேரு வாசிச்சாக.”

“தாத்தா பேருக்கு யார் குரல் கொடுத்தது?”

“தாத்தா பேர் இல்லக்கா. இப்ப ஒங்க பேரு. சரோஜான்னு வாசிச்சாக.”

“அப்புறம்?”

“மலேயா போயிருக்காகன்னு ஊரே சொல்லிருச்சு.”

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. “அப்ப நம்ம நாற்பது தப்படி?”

“கோரை இடுப்பு ஒசரத்துக்கு நிக்கிது. மத்ததெல்லாம் வெட்டியாச்சு, அத மட்டும் யாரும் தொடல. மலையில மேகம் எறங்குது. எப்பக்கா வாரீக?”

ஆறு வாரம் நடக்கக்கூடாது என்றிருந்தார் மருத்துவர். இது நான்காவது வாரம். இதை விமான நிலையத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பக்கத்தில் ஊன்றுகோல். போன தடவை நான் பிடித்த மண்வெட்டி பாண்டியம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.